சாயும் சக்கரங்கள்: குதிரைக் காலத்துச் சாலைச் சமன்பொறி ஒன்றைச் சீரமைத்த பதிவு

மண் சாலையைச் சீவி ஒழுங்குபடுத்தும் எங்கள் சமன்பொறியின் (கிரேடர்) நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பட்டறைத் தரையில் வரிசையாகக் கிடத்தியபோதுதான் அந்தத் தேய்மானத்தின் ஒழுங்கு எங்கள் கண்ணில் பட்டது. இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டிலும் ஹப்பின், அதாவது அச்சு நுழையும் நடுக்குடத்தின், வெளிமுகம் தேய்ந்திருந்தது. வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டிலும் உள்முகம் தேய்ந்திருந்தது. வண்டியில் பொருத்தியிருந்த நிலையை மனத்தில் வைத்துப் பார்த்தால், நான்கு ஹப்களுமே தங்கள் இடக்கை முனையில் மட்டும் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். குறைந்த இடத்தில் 7 மில்லிமீட்டர், மிகுந்த இடத்தில் 11 மில்லிமீட்டர். வலக்கை முனைகளில் வார்ப்பின் பழைய சொரசொரப்புக்கூட அப்படியே இருந்தது. ஏதோ ஒரு விசை இந்த இயந்திரத்தைப் பல ஆண்டுகளாக வலப்பக்கமாகவே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. சக்கரங்கள் மண்ணைப் பற்றிக்கொண்டு அதைத் தடுத்திருக்கின்றன. அந்த விசை எங்கிருந்து வந்தது, அதைத் தாங்குவதற்கு இந்த இயந்திரத்தை வடிவமைத்தவர்கள் என்ன வழி வைத்திருந்தார்கள், அந்த வழி எப்போது அடைபட்டது ஆகிய கேள்விகளுக்கு விடை தேடியதே இந்தப் பழுதுபார்ப்பின் பெரும்பகுதி.

இயந்திரம் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ஓய்வு பெற்ற விவசாயி ஒருவரின் கொட்டகைக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே கிடந்தது. பழைய விவசாயக் கருவிகளை ஒன்றுசேர்ந்து சீரமைக்கும் எங்கள் சிறு குழுவுக்கு அவர் அதைக் கொடுத்தார். நான்கு இரும்புச் சக்கரங்கள், ரிவெட் அடித்து இணைத்த எஃகுச் சட்டம், நடுவில் 8 அடி நீளமுள்ள வளைந்த மண்தள்ளு தகடு, பின்னால் ஆள் நின்று இயக்குவதற்கு ஒரு மேடை, அவர் கைக்கு எட்டும்படி வரிசையாகக் கைச்சக்கரங்கள். தனக்கென எஞ்சின் கிடையாது. முன்னால் நீளும் ஏர்க்காலில் குதிரைகளைப் பூட்டியோ, பிற்காலத்தில் டிராக்டரை மாட்டியோ இழுக்க வேண்டிய வகை. தயாரிப்பாளரின் பெயர்த்தகடு பெயர்ந்துபோய், அது இருந்த இடத்தில் நான்கு ரிவெட் துளைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. தானியக் கிடங்கின் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது 1,430 கிலோ காட்டியது.

பெயர் இல்லாவிட்டாலும் குலம் தெரிந்தது. நான்கு சக்கரங்களும் அச்சோடு சேர்ந்து இடமும் வலமும் சாயும்படி அமைந்திருந்தன. இந்த யோசனை இந்தியானாவின் மண்ணில் பிறந்தது. ஜோசப் டி. ஆடம்ஸ் என்பவர் 1885-இல் 'லிட்டில் ஒண்டர்' என்ற இரு சக்கரச் சமன்பொறியைச் செய்து, அதில் சக்கரங்களைச் சாய்க்கும் ஏற்பாட்டை வைத்தார். பின்னர் இண்டியானாபொலிஸ் நகரில் அவருடைய நிறுவனம் நான்கு சக்கரப் பொறிகளையும் பல அளவுகளில் செய்தது. சாலைக்கு வரி கட்டுவதற்குப் பதிலாக ஊரார் ஆண்டுக்குச் சில நாள் மண்வெட்டியோடு வந்து வேலை செய்துவிட்டுப் போன காலத்தில், மண் சாலையை ஒழுங்கான வடிவத்துக்குக் கொண்டுவரக்கூடிய கருவி என்பது சிறிய செய்தியன்று. அந்தக் காலத்தில் மரக்கட்டையைப் பிளந்து, இரு பாதிகளையும் இணைத்துச் சாலைமேல் இழுப்பது உண்டு. நம் வயலில் பரம்பு அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது உடனே விளங்கும். பரம்பு மேட்டைச் சீவிப் பள்ளத்தில் நிரப்பும். ஆனால் சாலையோரத்தில் வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணை நடுப்பகுதிக்கு நகர்த்தி, மழைநீர் இருபுறமும் வழிந்தோடும்படி முதுகு எழுப்ப அதனால் எளிதில் இயலாது. அதற்குத் தகடு கோணலாக நிற்க வேண்டும். தகடு கோணலாக நின்றால் பக்கத்தள்ளல் வந்தே தீரும்.

அந்தத் தள்ளலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பும் அதற்குப் பதில் சொல்லும்படியே அமைந்திருக்கிறது. அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. ஆகவே ஓர வாய்க்கால் இயந்திரத்தின் வலப்பக்கத்தில் இருக்கும், சாலையின் நடுப்பகுதி இடப்பக்கத்தில் இருக்கும். தகட்டின் வலமுனையை முன்னே தள்ளி, இடமுனையைப் பின்னே இழுத்து வைத்தால், வெட்டிய மண் தகட்டின் வளைவில் உருண்டு புரண்டு இடமுனை வழியாக வரப்பாக வெளியேறும். மண்ணை இடப்பக்கம் தள்ளும் தகட்டை மண் வலப்பக்கம் தள்ளுகிறது. பயணத் திசைக்கு 45 பாகை கோணத்தில் தகட்டை வைத்து, தகட்டின்மேல் மண் வழுக்குவதால் எழும் உராய்வையும் சேர்த்துக் கணக்கிட்டேன். ஈர மண்ணுக்கும் எஃகுக்கும் இடையிலான உராய்வுக் கோணத்தை 22 பாகை என்று கொண்டால், தகட்டைப் பின்னால் இழுக்கும் விசையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பக்கவாட்டில் செயல்படுகிறது. 420 கிலோ பின்னிழுப்பு இருந்தால் பக்கத்தள்ளல் 175 கிலோவுக்கு மேல். வாய்க்காலில் ஆழமாக வெட்டும்போது பின்னிழுப்பு 900 கிலோவாக உயர்ந்தால் பக்கத்தள்ளல் 380 கிலோவை எட்டும். செங்குத்தாக நிற்கும் மெல்லிய இரும்புச் சக்கரம் இதை ஆரக்கால்களின் குறுக்கு வளைவால்தான் தாங்க வேண்டும், விளிம்போ மண்ணில் வழுக்கப் பார்க்கும்.

வடம் இழுப்பவர் யாரும் நிமிர்ந்து நின்று இழுப்பதில்லை. உடலைப் பின்னுக்குச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, எடையும் இழுப்பும் சேர்ந்த விசை கால் எலும்பு வழியே நேராகத் தரைக்கு இறங்கும்படி தம் உடலை வைத்துக்கொள்கிறார். சாயும் சக்கரம் செய்வதும் அதே காரியம்தான். இயந்திரத்தின் எடை கீழ்நோக்கி, பக்கத்தள்ளல் வலம்நோக்கி. இரண்டின் கூட்டு விசை சாய்வாக இறங்குகிறது. சக்கரத்தின் தலையை இடப்பக்கம் சாய்த்தால் அந்தக் கூட்டு விசை ஆரக்கால்களின் நீளவாக்கில் செல்லும், ஹப்பின் முகத்தில் உரசல் குறையும், விளிம்பு மண்ணில் அழுந்திப் பற்றும். எங்கள் இயந்திரத்தின் எடைக்கு, மேற்சொன்ன இலேசான வெட்டுக்கு 7 பாகைச் சாய்வும், ஆழமான வெட்டுக்கு 15 பாகைச் சாய்வும் போதும் என்று கணக்கு சொன்னது. மண் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே சக்கரத்தின் தலை சாய வேண்டும் என்பது விதி. எஞ்சினோடு தானே ஓடும் இன்றைய மோட்டார் கிரேடர்களின் முன்சக்கரங்களிலும் அதே விதி பின்பற்றப்படுகிறது.

அப்படியிருக்க, எங்கள் ஹப்கள் ஏன் ஒரே முனையில் தேய்ந்தன என்பதற்கான விடை சாய்வுப் பொறியமைப்பைத் தொட்டபோது கிடைத்தது. ஒவ்வொரு சக்கரத்தின் அச்சுமுனையும் ஒரு வார்ப்பு முட்டியில் பதிந்திருக்கிறது. அந்த முட்டி நெடுவாக்கில் செல்லும் ஒரு முளையாணியைச் சுற்றிச் சாய்கிறது. இடமும் வலமும் உள்ள முட்டிகளை ஒரு குறுக்குக் கம்பி இணைப்பதால் இரு சக்கரங்களும் எப்போதும் இணையாகவே சாய்கின்றன. கம்பியை நகர்த்துவது பிறை வடிவப் பல்சக்கரம். அதைச் சுழற்றுவது ஒரு வார்ம், அதாவது பல்சக்கரத்தோடு கோத்துச் சுழலும் திருகுத் தண்டு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனிக் கைச்சக்கரங்கள். எங்கள் இயந்திரத்தில் இரண்டுமே கிட்டத்தட்ட நிமிர்ந்த நிலையில் துருவேறி இறுகியிருந்தன. குதிரைகள் போய் டிராக்டர் வந்தபின், இழுப்பவருக்கு வலிமைக் குறைவு இல்லாததால் சாய்வைப் பற்றிக் கவலைப்படாமல் அப்படியே இழுத்திருக்க வேண்டும். நிமிர்ந்த சக்கரங்களோடு ஆண்டுக்கணக்கில் ஓடியதால் பக்கத்தள்ளல் முழுவதையும் ஹப் முகங்கள் ஏற்றன. வலப்பக்க முன்சக்கரத்தின் ஹப்பில் ஒரு விரிசல் ஓடியிருந்ததும், ஆரக்கால்கள் சிறிதளவு ஒரே பக்கம் வளைந்திருந்ததும் அதனால்தான்.

துருவை விடுவிக்க ஐந்து வாரம் ஆயிற்று. முதலில் ஊடுருவும் எண்ணெயைத் தினமும் ஊற்றி, மரச்சுத்தியலால் தட்டிப் பார்த்தோம், அசையவில்லை. முட்டியின் வெளிப்பகுதியை வாயு விளக்கால் சுட்டு, சூடு தணியும்போது இணைப்பில் மெழுகைத் தொட்டு உள்ளே உறிஞ்ச விட்டதில் பின் அச்சு விடுபட்டது. முன் அச்சின் பிறைப் பல்சக்கரத்தையும் வார்மையும் கூட்டாகவே கழற்றி, பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் வாஷிங் சோடா கரைத்த நீரில் மூழ்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைப் பொருளுக்கும் நேர்முனையைக் கழிவு இரும்புத் தகட்டுக்கும் கொடுத்து நான்கு நாள் வைத்தோம். இதைச் செய்ய நினைப்பவர்கள் நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நீரில் கரைந்து நச்சாகும். சாதாரண இரும்பே போதும். வேலை நடக்கும்போது ஹைட்ரஜன் வாயு எழும் என்பதால் திறந்த வெளியில் வைக்க வேண்டும்.

நான்காம் நாள் பிறையை எடுத்துத் தூரிகையால் தேய்த்தபோது, அதன் முகத்தில், சாய்வைக் காட்டும் சுட்டுமுள் செல்லும் பாதையில், உளியால் கொத்திய இரண்டு வெட்டுகள் தெரிந்தன. வார்ப்பில் வந்தவை அல்ல, கையால் வெட்டியவை. இரண்டும் நடுப்புள்ளிக்கு ஒரே பக்கத்தில் இருந்தன. அவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொண்டோம். அவற்றின் பொருள் அன்று எங்களுக்கு விளங்கவில்லை.

ஹப் வேலைக்கு வருகிறேன். சக்கரத்தின் விட்டம் எங்களிடமுள்ள லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) அடங்காது; ஆரக்கால்கள் ஹப் வார்ப்புக்குள்ளேயே பதிந்திருப்பதால் ஹப்பைத் தனியாகக் கழற்றவும் முடியாது. ஆகவே ஹப்பின் துளைக்குள் இறுக்கமாக அமரும் ஒரு தண்டைக் கடைந்து, அதன் தலையில் வெட்டுளியைப் பொருத்தி, கையால் சுழற்றித் தேய்ந்த முகத்தைத் துளைக்குச் செங்குத்தாகச் சீவினோம். ஒவ்வொரு ஹப்புக்கும் ஒரு முழு நாள் ஆனது. இழந்த நீளத்தை ஈடுகட்ட வார்ப்பிரும்பு வளையங்கள் கடைந்து வைத்தோம். வெண்கல வளையம் வைக்கலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். புழுதியில் ஓடும் அச்சில் வெண்கலம் மணல் துகள்களைத் தன்னுள் பதித்துக்கொண்டு எதிரேயுள்ள இரும்பை அரம்போல் தேய்க்கும் என்பதால் நான் மறுத்தேன். விரிசல் விட்ட ஹப்பின் உலோகம் என்ன என்பதை அறிய ஓரத்தில் உளியால் சிறு சீவல் எடுத்தோம். சுருளாக வராமல் பொடியாக உதிர்ந்ததால் சாம்பல் வார்ப்பிரும்பு என்று உறுதியாயிற்று. விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் தடுத்து, வாய்க்கால்போல் அகலப்படுத்தி, முழு ஹப்பையும் மெதுவாகச் சூடேற்றி, வெண்கலக் கம்பியால் பற்றவைத்து, மரச்சாம்பல் நிறைந்த பீப்பாயில் புதைத்து ஓர் இரவு முழுவதும் ஆறவிட்டோம். அவசரப்பட்டுக் காற்றில் ஆறவிட்டிருந்தால் அருகில் இன்னொரு விரிசல் பிறந்திருக்கும்.

தகட்டை உயர்த்தித் தாழ்த்தும் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தகட்டின் ஒவ்வொரு முனைக்கும் ஒரு கைச்சக்கரம், ஒரு வார்ம், அது சுழற்றும் ஒரு பல்சக்கரம், அந்தப் பல்சக்கரம் பொருந்திய சதுரத் தண்டு, தண்டின் முனையில் ஒரு கைமூட்டு, அதிலிருந்து கீழே தொங்கும் இணைப்புத் தண்டு. ஒரு முனையை மட்டும் தாழ்த்தினால் வாய்க்கால் வெட்டு. இரண்டையும் சமமாக இறக்கினால் சீவல். வார்மின் திருகுச் சாய்வை அளந்து கணக்கிட்டேன்: 5 பாகையைச் சற்றே தாண்டுகிறது. உராய்வுக் கோணத்தைவிட இது சிறியது என்பதால், தகடு கல்லில் மோதினாலும் கைச்சக்கரம் தானாகத் திரும்பாது. பூட்டு, தடைக்கோல், ஆப்பு எதுவும் தேவையில்லை. மேடையில் குலுங்கிக்கொண்டு நிற்பவர் கையை எடுத்துவிட்டாலும் வெட்டு ஆழம் மாறாமல் நிற்கும். ஹைட்ராலிக் இல்லாத காலத்தில் இதைவிடத் தெளிவான தீர்வு இருந்திருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் இரு கைச்சக்கரங்களிலும், தகட்டை அசைக்காமல் சும்மா சுழலும் வெற்றாட்டம் கால் சுற்று இருந்தது. உறையைத் திறந்தால், பல்சக்கரத்தின் ஒரு பகுதியில் மட்டும் பற்கள் பாதிக்கு மேல் மெலிந்திருந்தன. மற்றவை புதியனவாகவே இருந்தன. கைமூட்டு முழுச் சுற்று சுற்றுவதில்லை, கால் சுற்றுக்குச் சற்று அதிகமாகத்தான் ஆடுகிறது. அதிலும் தகடு பெரும்பாலும் ஒரே உயரத்தில்தான் வேலை செய்கிறது. பல்சக்கரத்தின் துளை சதுரமாக இருந்தது எங்கள் நற்பேறு. அதைத் தண்டிலிருந்து உருவி, பாதி திருப்பி, மீண்டும் ஏற்றினோம். தேயாத பற்கள் வேலைக்கு வந்தன. வெற்றாட்டம் விரலளவுக்குக் குறைந்தது. புதிய பல்சக்கரம் வெட்டச் செலவிடுவதற்காக ஒதுக்கிய தொகை அப்படியே மிஞ்சியது. சதுரத் துளையை வடிவமைத்தவர் இதை எண்ணித்தான் வைத்தாரா என்பதைவிட, வட்டத் துளையில் ஒரே ஒரு சாவிக்குழி (ஆப்புக்கான பள்ளம்) வைத்திருந்தால் இந்த வாய்ப்பு கிட்டியிருக்காது என்பது எனக்குப் போதும்.

தகட்டைத் தாங்குவது ஒரு பெரிய இரும்பு வளையம். வளையத்தைத் திருப்பித் துளையில் முளையாணி செருகினால் தகட்டின் கோணம் நிலைக்கிறது. வளையத்தைச் சுமக்கும் இழுசட்டம் முன்பக்கம் ஒரு பந்து மூட்டில் முடிகிறது. ஆகவே தகடு உண்ணும் இழுவிசை முழுவதும் சட்டத்தின் முன்முனைக்கே போகிறது, உயர்த்தும் தண்டுகள் எடையை மட்டுமே சுமக்கின்றன. இந்தப் பிரிவினை இன்றைய கிரேடர்களிலும் மாறவில்லை. பந்து முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. வெல்டிங்கால் நிரப்பி, அச்சுத்தகடு வைத்துக் கையாலேயே அராவி உருட்டினோம். வளையத்தின் கவ்விகளுக்கு ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) வைத்தது அரை நாள் வேலை.

தகட்டின் அடியில் போல்ட்டால் மாட்டிய வெட்டுப்பட்டை, கலப்பையின் கொழுவைப்போல, தேய்ந்து மாற்றப்படுவதற்கென்றே உள்ளது. எங்களுடையது வலமுனையில் ஏறக்குறைய முழுதும் தேய்ந்து, இடமுனையில் தடிமனாக இருந்தது. எப்போதும் வலமுனையே வாய்க்காலுக்குள் முதலில் நுழைந்தது என்பதற்கு இதுவும் சான்று. புதிய உயர்கார்பன் எஃகுப் பட்டை கிடைத்தது, ஆனால் துளைகளின் இடைவெளி பொருந்தவில்லை. தகட்டைத் துளையிட எனக்கு மனம் வரவில்லை. பட்டையிலேயே சதுரக் கழுத்து போல்ட்டுக்கு ஏற்ற துளைகளை நீர்த்தாரை வெட்டும் பட்டறையில் வெட்டிக்கொண்டோம்.

சட்டத்தின் தளர்ந்த ரிவெட்டுகள், தகட்டின் எடையில் ஒரு பங்கைத் தாங்கும் இரண்டு சுருள்வில்கள், மேடைப் பலகைகள் ஆகியவை ஒரு மாதத்தில் முடிந்தன. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருப்பது சோதனைத்தாளில் தெரிந்ததால் உலர்ந்த நிலையில் சுரண்டவில்லை. ஈரப்படுத்தி, முகக்கவசம் அணிந்து, சுரண்டியதைச் சேகரித்து அப்புறப்படுத்தினோம்.

சோதனை ஓட்டத்தை அந்த விவசாயியின் சொந்த மண்பாதையில், மழைக்கு இரண்டு நாள் கழித்து நடத்தினோம். 100 அடிக்குக் கயிறு கட்டி, தகட்டை 45 பாகையில் வைத்து, ஏர்க்காலுக்கும் டிராக்டருக்கும் நடுவே தொங்கு தராசு ஒன்றை மாட்டினோம். தகட்டை உயர்த்தி இழுத்தபோது 60 கிலோ. இலேசான வெட்டில் 480 கிலோ. 700 கிலோ எடையுள்ள இழுவைக் குதிரை நாள் முழுக்கத் தளராமல் இழுக்கக்கூடியது தன் எடையில் பத்தில் ஒரு பங்குதான் என்று கொண்டால், இந்த வெட்டுக்கே ஏழு குதிரைகள் வேண்டும். நான்கு குதிரைகளோடு வந்தவர்கள் இதைவிட மெல்லியதாகச் சீவியோ, அடிக்கடி இளைப்பாறியோ வேலை செய்திருக்க வேண்டும். சமன்பொறிகள் செய்த ரசல் நிறுவனமும் பிறரும் எஞ்சினைச் சமன்பொறியோடு சேர்க்க முனைந்ததும், 1928-இல் ரசலை வாங்கிய டிராக்டர் நிறுவனமான கேட்டர்பில்லர் 1931-இல் பின்பக்க எஞ்சினோடு 'ஆட்டோ பேட்ரோல்' என்ற தானியங்கு சமன்பொறியைக் கொண்டுவந்ததும் இந்த எண்ணைப் பார்த்தால் இயல்பாகவே தோன்றுகின்றன.

முதல் ஓட்டத்தில் சக்கரங்களை நிமிர்த்தியே வைத்தோம். 100 அடி முடிவில் பின்சக்கரத் தடம் கயிற்றிலிருந்து 1 அடி 10 அங்குலம் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. விளிம்பு மண்ணைப் பக்கவாட்டில் உழுதுகொண்டு போன சுவடு தெளிவாகத் தெரிந்தது. இரண்டாம் ஓட்டத்தில் இரு அச்சுகளையும் 12 பாகை இடப்பக்கம் சாய்த்தோம். இப்போது இயந்திரம் இடப்பக்கம் ஏறியது. மூன்றாவதில் 9 பாகைக்கு இறக்கினோம். நகர்வு 3 அங்குலத்துக்குள் அடங்கியது, தடம் கத்தியால் கீறியதுபோல் சுத்தமாக விழுந்தது, மேடையில் நின்ற எனக்குச் சக்கரங்களின் முனகலே நின்றுபோனதை உணர முடிந்தது.

டிராக்டரை நிறுத்திவிட்டு முன் அச்சின் பிறைப் பல்சக்கரத்தைப் பார்த்தேன். சுட்டுமுள் முதல் உளி வெட்டுக்கு அரைப் பல் தள்ளி நின்றது. இரண்டாவது வெட்டுக்கு முள்ளைக் கொண்டுபோய்ச் சாய்வை அளந்தோம்: 15 பாகை. சக்கரங்கள் சாய்ந்துகொண்டிருந்த நாள்களில் இந்த மேடையில் நின்ற யாரோ ஒருவர், சீவலுக்கு ஒன்றும் வாய்க்கால் வெட்டுக்கு ஒன்றுமாகத் தன் கைப்பழக்கத்தை அங்கே குறித்து வைத்திருக்கிறார். மண்ணை எப்போதும் இடப்பக்கமே தள்ளியதால் மறுபக்கத்தில் அவருக்கு வெட்டு தேவைப்படவில்லை. அந்த இடத்துக்கு வண்ணம் பூசாமல் எண்ணெய் மட்டும் தடவி விட்டோம். இரண்டாவது வெட்டை வாய்க்காலில் சோதித்துப் பார்க்க, பனி உருகி மண் இளகும் ஏப்ரல் மாதம் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பின் அச்சின் கைச்சக்கரத்துக்குப் புதிய முளையாணி ஒன்றும், தராசைப் பாதுகாக்க ஓர் உறையும் செய்தாக வேண்டும்.